வீடு என்பது யார்?

'டைரக்ட் டு ஹோம்' என்பதை டிடிஹெச் என்று சுருக்கிப் பழகிவிட்டோம். நேராக வீட்டுக்கு. இடையில் கேபிள்காரர் இல்லை, தெருவைக் கடந்து வரும் கம்பி இல்லை. வானத்திலிருந்து மொட்டைமாடிக்கு, அங்கிருந்து கூடத்துக்கு. இதில் 'நேராக' என்ற சொல்லைச் சாத்தியமாக்கப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். அந்த வரலாறு விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. 'வீடு' என்ற சொல்லை மட்டும் எல்லோரும் தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போய்விட்டார்கள். என் கேள்வி அதைப் பற்றியது. வீட்டுக்குக் கொடுத்த ஒன்று, அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கொடுத்ததாகுமா?

தமிழ் படித்தவளுக்கு இந்தச் சொல்லைச் சும்மா கடப்பது கடினம். குடியிருக்கும் இடமும் வீடு. அறம், பொருள், இன்பத்துக்குப் பிறகு நான்காவதாக வைக்கப்பட்ட விடுதலையும் வீடு. 'விடு' என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். இரண்டு பொருளில் நம் பாட்டிகளின் பங்குக்கு வந்தது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செயற்கைக்கோள் தொலைக்காட்சியோ தன்னை விற்றுக்கொண்டபோது இரண்டாவது பொருளையும் சேர்த்தே விற்றது: உலகம் உங்கள் வீட்டுக்குள் வருகிறது, இனி நீங்கள் அடைபட்டவர்கள் அல்ல.

இந்த வரலாற்றின் தொடக்கத்தில் வீடே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 1975 ஆகஸ்ட் 1 அன்று இந்தியாவில் 'சைட்' என்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை தொடங்கியது. நாசா தன் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் கொடுத்தது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பிகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். தமிழ்நாடு அதில் இல்லை. அந்தச் செயற்கைக்கோள் விண்வெளியில் குடைபோல் விரித்துக்கொண்ட ஆன்டெனாவின் அகலம் 9 மீட்டருக்குச் சற்று மேல். மேலே இருப்பது பெரிதும் வலிதுமானால் கீழே இருப்பது சிறிதும் மலிவுமாகலாம்; இத்தொழில்நுட்பத்தின் வளர்ச்சி முழுவதும் இந்த ஒரு கணக்குதான். அதனால் கிராமத்தில் 3 மீட்டர் டிஷ் போதுமானதாக இருந்தது. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையைக் கொண்டே அதைச் செய்தார்கள். பெட்டி பள்ளிக்கூடத்திலோ பொதுக் கட்டடத்திலோ இருக்கும். காலையில் குழந்தைகளுக்கு ஒன்றரை மணி நேரம், மாலையில் பெரியவர்களுக்கு இரண்டரை மணி நேரம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும். அந்தி சாயும் நேரத்தில், அடுப்பு எரிய வேண்டிய நேரத்தில், "டிவி பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிப் படியிறங்க வேண்டும். செயற்கைக்கோள் அவளுக்கு வெளியே போக ஒரு காரணத்தைத் தந்தது. எத்தனை பெண்களால் அந்தக் காரணத்தைப் பயன்படுத்த முடிந்தது என்பது வேறு விஷயம். ஊர்ப் பொது இடம் என்று நாம் சொல்வது எந்தச் சாதிக்குப் பொது, எந்தப் பாலுக்குப் பொது என்பதும் நமக்குத் தெரியும். அந்த ஓராண்டு முழுவதும் நாட்டில் நெருக்கடி நிலை இருந்தது. நிகழ்ச்சிகளில் விவசாயம், சுகாதாரம் ஆகியவற்றோடு குடும்பக் கட்டுப்பாடும் முக்கியமான பாடம். பெண்களிடம் பேச வேண்டும் என்று அரசு நினைத்ததற்கு அவர்கள் கருப்பையும் ஒரு காரணம். ஆகவே அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. 1976 ஜூலை 31 அன்று சோதனை முடிந்தது, நாசா தன் செயற்கைக்கோளைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

அதே செயற்கைக்கோளின் கீழ் ஒரு தனி வீடும் இருந்தது. பூமியைச் சுற்றும் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இலேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க் அப்போது கொழும்பில் வாழ்ந்துவந்தார். இஸ்ரோ பொறியாளர்கள் போய் அவர் வீட்டில் ஒரு டிஷ்ஷைப் பொருத்திக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே கிடையாது, 1979இல்தான் வந்தது. நாட்டுக்கு வருமுன்னே ஒரு மனிதரின் வீட்டுக்கு வந்துவிட்டது. ஊருக்கு ஒன்று, ஒருவருக்கு ஒன்று என்ற இரண்டு வழிகளும் ஒரே ஆண்டில், ஒரே அலையின் கீழ் திறந்திருந்தன. உலகம் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டது.

அந்தத் தேர்வு அமெரிக்காவில் நடந்தது. சைட் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத 1975 செப்டம்பர் 30 அன்று எச்பிஓ நிறுவனம் தன் நிகழ்ச்சிகளைச் செயற்கைக்கோள் வழியாகக் கேபிள் நிறுவனங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. மறு ஆண்டு, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்ட் கலிஃபோர்னியாவில் தன் வீட்டில் தானே ஒரு டிஷ் செய்து அந்த அலைகளைப் பிடித்தார். நேர்மையான மனிதர். பார்த்த படங்களுக்காக எச்பிஓவுக்கு 100 டாலர் காசோலை அனுப்பினார். நாங்கள் கேபிள் நிறுவனங்களோடு மட்டும்தான் வணிகம் செய்கிறோம், வீடுகளோடு அல்ல என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1979இல் நீமன் மார்கஸ் கடையின் கிறிஸ்துமஸ் விற்பனைப் பட்டியலில் வீட்டு டிஷ் ஒன்று வந்தது, விலை 36,500 டாலர். அதே ஆண்டில் டிஷ் வைக்க உரிமம் வேண்டும் என்ற விதியும் தளர்ந்தது. 1984இல் வீட்டில் அலை பிடிப்பதைச் சட்டம் ஏற்றது. 1986 ஜனவரியில் எச்பிஓ தன் அலைகளைக் கலைத்துப் பூட்டியது. சாவிக்கு மாதம் 12.95 டாலர். ஏப்ரலில், டிஷ் விற்றுப் பிழைத்த ஒருவர் 'கேப்டன் மிட்நைட்' என்ற பெயரில் எச்பிஓவின் செயற்கைக்கோளுக்கே எதிர்ச்சமிக்ஞை அனுப்பி, நாட்டின் கிழக்குப் பாதியில் திரையில் தன் மறுப்பைச் சில நிமிடங்கள் எழுதிக் காட்டினார்.

அன்று நடந்த விவாதம் உண்மையிலேயே அழகான அறவியல் விவாதம். என் நிலத்தில் விழும் அலை யாருடையது? மழைபோல அதுவும் பொதுவா? கூப்பிடாமல் என் முற்றத்துக்குள் வருவதைப் பிடித்தால் நான் திருடனா? இரு பக்கமும் நல்ல வாதங்கள் இருந்தன. ஆனால் இரு பக்கமும் ஒன்றைப் பேசாமலே ஒப்புக்கொண்டிருந்தன: வீடு என்பது ஒரே மனம் கொண்ட ஓர் ஆள். அந்த ஆளுக்கு முற்றம் இருக்கிறது, உரிமை இருக்கிறது, காசோலைப் புத்தகம் இருக்கிறது. அலை முற்றத்தில் விழுந்த பிறகு உள்ளே யாரிடம் போகிறது, யாரிடம் போகாமல் நிற்கிறது என்பது சொத்துரிமை வாதத்தில் கேட்க முடியாத கேள்வி. அதற்கு 'குடும்ப விஷயம்' என்று பெயர்.

கருவியின் உடலுக்குள்ளேயே இந்த எண்ணம் இருக்கிறது. பழைய சி பேண்ட் டிஷ்ஷைத் திருப்ப ஒரு மோட்டார் இருக்கும். அதை இயக்கும் கருவி ஒருவர் கையில். அவர் ஒரு செயற்கைக்கோளிலிருந்து இன்னொன்றுக்கு டிஷ்ஷைத் திருப்பினால் வீடு முழுவதும் அவரோடு திரும்பியாக வேண்டும். அடுக்களையில் இன்னொரு பெட்டி இருந்தால் அதில் ஓடுவதும் அறுந்துபோகும். இன்றைய சிறிய டிஷ்ஷில், நீண்ட கையின் நுனியில் இருக்கும் எல்என்பியைக் கவனியுங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து 13 வோல்ட் மேலேறினால் செங்குத்தாக அதிரும் அலைகளை எடுக்கும், 18 வோல்ட் ஏறினால் கிடையாக அதிர்பவற்றை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான். சாதாரண எல்என்பிக்கு ஒரு வாய், ஒரு கம்பி, ஒரு பெட்டி. இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்க்க ஆசைப்பட்டால் இரண்டு வாய் எல்என்பி, இரண்டாவது பெட்டி, அதற்குத் தனிச் சந்தா. முடியாத காரியமில்லை. செலவுக்குரிய காரியம். எந்த வீட்டில் அப்பாவின் கிரிக்கெட்டுக்கும் அம்மாவின் தொடருக்கும் தனித்தனிச் சந்தா கட்டினார்கள்?

நம் பக்கம் இந்த அலை வந்த வழியில் ஒரு கதை உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1984 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ஏவப்பட்ட வெஸ்டார்-6 செயற்கைக்கோள் தவறான பாதையில் போய் வீணாகிக் கிடந்தது. நவம்பரில் டிஸ்கவரி விண்ணோடம் போய் அதைப் பிடித்து வந்தது. வெளியே மிதந்து பிடித்தவர்கள் இரண்டு ஆண்கள். உள்ளே அமர்ந்து விண்ணோடத்தின் இயந்திரக் கையை இயக்கியவர் அன்னா ஃபிஷர். அவர் குழந்தைக்கு அப்போது ஒன்றேகால் வயது. விண்வெளிக்குப் போன முதல் தாய் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள் (முதல் தந்தை யார் என்று நான் தேடிப் பார்த்தேன், யாரும் கணக்கு வைக்கவில்லை). அந்தப் பழுதான செயற்கைக்கோளைச் செப்பனிட்டு விற்றார்கள். ஹாங்காங் நிறுவனம் ஒன்று வாங்கி, 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் ஆசியாசாட்-1 என்ற பெயரில் மீண்டும் ஏவியது. 1991இல் ஸ்டார் டிவி நமக்கு வந்தது அதன் வழியாகத்தான். ஒரு பெண் உலகத்தையே விட்டு வெளியே போய்ப் பிடித்துக் கொடுத்த கருவி, கோடிக்கணக்கான பெண்களுக்கு வீட்டுக்குள்ளிருந்தே உலகத்தைப் பார்க்கும் வழியாயிற்று. 

1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. அப்போது டிஷ் கேபிள்காரரின் மாடியில் இருந்தது, பத்துப் பன்னிரண்டு அடி அகலம். அங்கிருந்து கம்பி முருங்கை மரத்தையும் மின்கம்பத்தையும் பற்றிக்கொண்டு வீடுவீடாகப் போயிற்று. என் பெரியம்மா வாக்கப்பட்டது கும்பகோணம் பக்கத்துக் கூட்டுக் குடும்பம். கூடத்தில் மாமனார், கொழுந்தனார்கள், பிள்ளைகள் என்று எல்லோரும் அமர்ந்திருப்பார்கள். பெரியம்மா அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த நிலைப்படியில், கதவுச்சட்டத்தில் தோளைச் சாய்த்து, கையில் கரண்டியோ அரிவாள்மணையிலிருந்து எழுந்துவந்த ஈரமோ இருக்க, நின்றபடியே பார்ப்பார். அவர் உட்கார்ந்து டிவி பார்த்து நான் கண்டதில்லை. யாரும் உட்காராதே என்று சொன்னதாகவும் தெரியவில்லை. "வா, உக்காந்து பாரேன்" என்று என் அம்மா ஒருமுறை கூப்பிட்டபோது, "இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்றார். செயற்கைக்கோள் நிற்கும் உயரம் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தைக் கடந்து வந்த அலை கூடத்தில் நின்றுவிட்டது. மிச்சம் பத்தடி. அந்தப் பத்தடிக்கு எந்த நாட்டுப் பொறியாளரும் பொறுப்பேற்கவில்லை.

ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குழாய் போட்டுத் தண்ணீர் கொடுப்பவர், யார் முதலில் குடிக்கிறார் என்று வந்து பார்க்க முடியாது. ஆனால் தண்ணீர் கொடுப்பவர் 'இது பெண்களின் விடுதலை' என்று சுவரொட்டி ஒட்டுவதில்லை. ஒரு கொடையைக் குறிப்பிட்ட ஒருவரின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறவருக்கு, அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் கடமை உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கு எதிராக வலுவான சான்று ஒன்று இருக்கிறது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 2001 முதல் 2003 வரை இந்தியக் கிராமங்களில் எடுத்த தரவுகளை வைத்து எழுதப்பட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களும் அதில் உண்டு. கேபிள் வந்த ஊர்களில், கணவன் மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள்; ஆண் குழந்தைதான் வேண்டும் என்பது குறைந்தது; வீட்டு முடிவுகளில் பெண்ணின் சொல் கூடியது. இதை நான் மறுக்கவில்லை. நம்பவும் செய்கிறேன். நிலைப்படியில் நின்று பார்த்தவருக்கும் கண் இருந்தது. வேறு விதமாக வாழும் பெண்களைப் பார்த்தார், ஒப்பிட்டார். 1999இல் 'சித்தி' தொடர் ஓடியபோது அம்மாக்கள் சாப்பாட்டுக் கடையை முன்னதாக முடித்துக்கொண்டு அந்த அரைமணியை வேலையிலிருந்து பறித்தெடுத்தார்கள். சீரியல் பார்த்துப் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று மேடைதோறும் பேசினார்கள். ஒருநாள் ஆட்டத்தை எட்டு மணி நேரம் பார்த்த ஆண்கள் கெட்டுப்போனதாக ஒரு பட்டிமன்றமும் நடந்ததாக நினைவில்லை. பெண்கள் தங்களுக்குக் கொடுக்கப்படாத நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த மாற்றத்தின் பெருமையைச் செயற்கைக்கோளுக்குக் கொடுப்பதற்கு முன் அதை எடுத்தவர்களுக்குக் கொடுப்போம்.

ஆனாலும் அந்த ஆய்வு என் ஐயத்தைத் தீர்க்கவில்லை. சங்க அகப்பாடல்களில் இற்செறிப்பு என்று ஒரு துறை உண்டு. மகளின் காதல் தெரிந்ததும் தாய் அவளை வீட்டுக்குள்ளேயே காவலில் வைப்பது. தினைப்புனத்துக்குப் போக முடியாது, சுனைக்குப் போக முடியாது. தலைவிக்கு வெளியுலகம் கதவுக்கு அப்பால் இருந்தது; போக முடியவில்லை என்ற வலி அவளுக்குத் தெரிந்தது. வெளியுலகம் கூடத்துக்கே வந்து பேசிக்கொண்டிருந்தால் அந்த வலி என்னவாகும்? படிப்பை நிறுத்தி வீட்டில் வைக்கப்பட்ட என் பள்ளித் தோழி ஒருத்தியின் அப்பா, "அவளுக்கு என்னம்மா குறை, டிவி இருக்கு, எல்லாச் சேனலும் வருது" என்று என்னிடமே சொன்னார். கொடுமைக்காரர் அல்ல அவர். உண்மையாகவே நஷ்ட ஈடு கொடுத்துவிட்டதாக நம்பினார். பூட்டியவரின் மனசாட்சியை ஒரு கருவி ஆற்றுகிறதென்றால், அந்தக் கருவி யாருக்குத் தொண்டு செய்கிறது? ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவளுக்குச் சன்னலாகவும் அடைத்தவருக்குச் சமாதானமாகவும் அது இருக்க முடியும். இரண்டும் உண்மை. ஆய்வுகள் முதலாவதை எண்ணுகின்றன. இரண்டாவதை எண்ண வழியில்லை.

இந்திய அரசுக்கு வேறு கவலை இருந்தது. வீட்டுக்கு நேராக வரும் கு பேண்ட் அலைகளை 1997இல் தடை செய்தது, 2000 நவம்பரில் அனுமதித்தது. பிறகு டிஷ் சுருங்கிற்று. 1976இல் செயற்கைக்கோளின் ஒரு அலைவரிசைக்கு 5 வாட் திறன்தான், அதனால் கீழே பெரிய டிஷ். 1994இல் அமெரிக்காவில் டைரக்டிவி 120 வாட் திறனோடு, மும்மடங்கு அதிர்வெண்ணில் வந்தபோது 18 அங்குலம் போதுமானதாயிற்று. தமிழ்நாட்டில் 2007 இறுதியில் சன் டைரக்ட் வந்த பிறகு, துணி காயும் கொடிகளுக்கும் வடகப் பாய்களுக்கும் நடுவே அறுபது சென்டிமீட்டர் டிஷ்கள் முளைத்தன. அந்த அலை ஐப்பசி மழையைத் தாங்காது. மழைத்துளி அதை உறிஞ்சிவிடும். காற்றில் டிஷ் சற்றே நகர்ந்துவிட்டால் நடக்கும் நாடகம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஆண் மாடியில், டிஷ்ஷைப் பிடித்தபடி. பெண் கூடத்தில், திரையைப் பார்த்தபடி. "வந்துச்சா?" "இல்ல." "இப்ப?" "வருது வருது... போச்சு." "இப்பப் பாரு." "ஆ, அப்படியே விடுங்க!" அந்தச் சில நிமிடங்கள் வீட்டின் அளவுக்கருவி அவள்தான். அவள் சொல்லே கடைசிச் சொல். படம் தெளிந்ததும் அவர் இறங்கிவந்து ரிமோட்டை எடுத்துக்கொள்வார்.

2006இல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது, குடும்பத்துக்கு ஒன்று. 2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், தகுதியுள்ள குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்குக்கு. இடைப்பட்ட காலத்தில் அரசு ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்: குடும்பத்துக்குக் கொடுப்பதும் பெண்ணுக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல, முகவரியில் பெயர் இருக்க வேண்டும். அகத்திணையில் யாருக்கும் பெயர் சொல்லக் கூடாது என்பது மரபு. இணைப்புப் படிவத்தில் பெயர் எழுதியாக வேண்டும், அங்கே பெரும்பாலும் எழுதப்படுவது யார் பெயர் என்று பாருங்கள்.

இனி இதெல்லாம் பழங்கதை என்று என் மாணவிகள் சொல்கிறார்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு திரை. ரிமோட்டுக்குச் சண்டையே இல்லை. வீட்டை விட்டுவிட்டு அலை ஆளைத் தேடி வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் டிஷ் வாங்க மட்டுமே தெரிந்த கருவி. நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று அது திருப்பிச் சொல்லாது. போன் சொல்லும். பெரியம்மா நிலைப்படியிலிருந்து எதைப் பார்த்து என்ன நினைத்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது. அவர் கூடத்தை இழந்திருந்தார், அதை இழக்கவில்லை.

போன பருவத்தில் முதுகலை வகுப்பில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, உங்கள் வீட்டு டிடிஹெச் யார் பெயரில் என்று கேட்டேன். பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் அப்பா, தாத்தா, அண்ணன் என்றார்கள். ஒரு பெண் மட்டும் "எங்க அம்மா பேருல, மேம்" என்றாள். வகுப்பு திரும்பிப் பார்த்தது. "அப்பா இறந்த பிறகு மாத்தினோம்" என்றாள். இப்போது அம்மா என்ன பார்க்கிறார் என்று கேட்டேன். "நியூஸ். நல்லாச் சத்தமா வச்சு, தூக்கம் வர்ற வரைக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சேர்த்தாள்: "ரீசார்ஜ் மட்டும் அண்ணன் போன்லேருந்துதான் பண்ணுவான். சில மாசம் மறந்துடுவான்."